மரகதவல்லி சிரித்த வியாழக்கிழமை

சீரியல் பார்ப்பவர்களைப் பற்றிச் சொல்ல இங்கே எதுவும் இல்லை. அவர்கள் பாவம், ஒளிவுமறைவு இல்லாதவர்கள். பொழுது சாய்ந்தால் உட்காருகிறார்கள், பார்க்கிறார்கள், மூக்கைச் சிந்துகிறார்கள், எழுந்து போய்த் தோசை வார்க்கிறார்கள். அவர்களால் நாட்டுக்கு ஒரு கெடுதலும் கிடையாது. நாம் கவனிக்க வேண்டியது வேறு ஒரு இனம். சீரியலே பார்க்காதவர்கள்.

இந்த இனத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் கேட்காமலேயே சொல்லுவார்கள்: “நான் சீரியலெல்லாம் பாக்கது கெடையாது.” நிஜமாகவே பார்க்காதவனுக்கு இப்படிச் சொல்லத் தோன்றுமா? திருடாதவன் எவனாவது ‘நான் திருடுவது கிடையாது’ என்று தெருவில் சொல்லிக்கொண்டு போகிறானா? இவர்கள் அந்த நேரத்துக்குக் கூடத்தில் இருப்பார்கள்; ஃபேன் காற்று அங்கேதான் நன்றாக வருகிறது. டிவி ஓடும், அது வீட்டுப் பெண்களின் குற்றம். வசனம் காதில் விழும். காதை என்ன கழற்றியா வைக்க முடியும்? ஆனால் பாருங்கள், இவர்கள் காதில் விழுவதில் சேலையின் கலரும் சேர்ந்து விழும். “இதெல்லாம் ஒரு கதையா?” என்று காறித் துப்புவார்கள். “ஏன், என்ன கொறை?” என்று யாராவது பதில் சொல்ல ஆரம்பித்தால், “செத்த நேரம் சும்மா இரு, என்னமோ சொல்லுதா” என்று அதட்டுவார்கள்.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி கண்ட ஒரு மாதிரியைப் பார்க்க வேண்டுமானால் இராஜபாளையம் வரவேண்டும். ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பன். பூர்வீகம் பக்கத்துச் சேத்தூர். உடுப்பில் இருந்த காலம் முழுக்க யாரையும் நம்பியவர் இல்லை. புகார் கொடுக்க வந்தவனைத்தான் முதலில் சந்தேகப்படுவார். சைக்கிளைக் காணோம் என்று ஓடிவந்த ஒருவனிடம், “ஒனக்கு எதுக்குடா சைக்கிளு?” என்று விசாரணையை ஆரம்பித்தவர். பெற்ற மகன் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கி வந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய பையன் யார் என்று கேட்டவர். அப்படிப்பட்டவர் இந்த ஜென்மத்தில் ஒரே ஒரு ஜீவனுக்குத்தான் நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்திருந்தார். அந்த ஜீவன் மரகதவல்லி.

மரகதவல்லி, ‘ஏழாம் வாசல்’ சீரியலின் மூத்த மருமகள். அவள் பட்ட பாட்டை இங்கே சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். மாமியார் ராஜமாதங்கி அவள்மீது திருட்டுப் பழி போட்டுத் துரத்தினாள். அடுக்களையில் காஸைத் திறந்துவிட்டாள். புருஷனுக்கு வேறு பெண் பார்த்தாள். மரகதவல்லி மாடிப்படியிலிருந்து உருண்டு ஞாபகத்தை இழந்தாள், இழந்ததைத் திரும்பப் பெற்றாள், பெற்றது வேறு யாருடைய ஞாபகமோ என்று தெரிந்து மறுபடியும் இழந்தாள். செய்யாத குற்றத்துக்கு ஜெயிலுக்குப் போய், அங்கேயும் மாமியார் நலனுக்காக விரதம் இருந்தாள். இத்தனைக்கும் அவள் திருப்பிச் செய்தது ஒன்றுதான். பூஜையறைக்குப் போய் அழுதாள். அழும்போதும் அவளுக்கு மூக்கு சிவக்காது.

“பொம்பளைன்னா இவ பொம்பளை,” என்பார் ஆவுடையப்பன்.

இதை அவர் டிவியைப் பார்த்துச் சொல்ல மாட்டார். பீரோவைப் பார்த்துச் சொல்லுவார். ஏனென்றால் அவர் டிவி பார்ப்பதில்லை என்பதற்கு அந்தக் கூடமே சாட்சி. அவருடைய நாற்காலி டிவிக்கு முதுகைக் காட்டித்தான் கிடக்கும். எதிரே, கண்ணாடி பதித்த இரும்பு பீரோ. ஏழரை மணிக்குப் பேப்பரோடு வந்து உட்காருவார். பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு பீரோவைப் பார்ப்பார். அந்தக் கண்ணாடியில் டிவி தெரிந்தால் அதற்கு அவர் பொறுப்பாளியா? “எம் பீரோவ நான் பாக்கேன், ஒனக்கென்ன?” என்பார், மனைவி மாரிக்கனியிடம். ராஜமாதங்கி காஸைத் திறந்துவிட்ட அன்றைக்குக்கூட அவர் திரும்பவில்லை. பீரோவைப் பார்த்து, “கொலை முயற்சி. ஜாமீன் கெடையாது,” என்று மட்டும் சொன்னார்.

இப்படிப்பட்டவர் மகனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பினால் எப்படி இருக்கும்? மகன் விக்னேஸ்வரன் நூற்பு மில்லில் மெயின்டனன்ஸ் வேலை. பொறுமைசாலி. ஒரு பெண் சத்தமாகச் சிரித்தாள், வேண்டாம். ஒரு பெண் மாப்பிள்ளையின் ஷிஃப்ட் நேரத்தைக் கேட்டாள், வேண்டாம். ஒரு பெண் எதுவுமே செய்யவில்லை. அதுதான் சந்தேகமாக இருந்தது, வேண்டாம். கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில், மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் சமுத்திரத்தின் மகள் சத்யப்பிரியா. தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அவள் தட்டில் காப்பியோடு குனிந்த தலை நிமிராமல் வந்தாள். காப்பி சிந்திவிடக் கூடாதே என்று தட்டைப் பார்த்தபடி வந்தாள் என்பது வேறு விஷயம். ஆவுடையப்பனுக்கு உடம்பு சிலிர்த்துப் போய்விட்டது.

“நம்ம மரகதம் மாதிரி…” என்று ஆரம்பித்தவர், கூடம் முழுக்கத் தன்னையே பார்ப்பதைக் கண்டு, “மரகதக் கலரு சேல நல்லாருக்கு,” என்று முடித்தார். அந்தப் பெண் கட்டியிருந்தது மஞ்சள் சேலை.

மிக்சர் தட்டு காலியாகும் முன்னால் சம்மதம் சொல்லியாயிற்று. நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை, பெண் வீட்டில் என்று முடிவாயிற்று. வ. புதுப்பட்டிச் சொந்தங்களை ஏற்றிவர வேனுக்கும் சொல்லியாயிற்று. விக்னேஸ்வரனுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. அதை அவன் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் அவளிடம் மட்டும் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தான்.

இந்த நிலையில்தான் அந்த வியாழக்கிழமை வந்தது.

ராஜமாதங்கி காய்ச்சலில் படுத்திருந்தாள். மரகதவல்லி பால் காய்ச்சினாள். அதில் ஒன்றும் அதிசயமில்லை, கதை தொடங்கிய நாளிலிருந்து காய்ச்சிக்கொண்டுதான் இருக்கிறாள். டம்ளரில் ஊற்றினாள். இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தாள். கொட்டினாள். கலக்கினாள். வழக்கமாக அவளுக்கு வாசிக்கிற வீணை நின்றுபோய், யாரோ தகர டப்பாவைப் படிக்கட்டில் உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவள் நிமிர்ந்தாள். உதட்டின் ஒரு ஓரம் மட்டும் மேலே ஏறியது. சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள், ஒருதடவை கறுப்பு வெள்ளையில்.

தொடரும் என்று போட்டார்கள்.

ஆவுடையப்பன் நாற்காலியைவிட்டு எழுந்தார். அத்தனை காலத்தில் முதல் தடவையாகத் திரும்பி டிவியை நேருக்கு நேர் பார்த்தார். அதில் அப்பள விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏட்டி, என்ன இது?”

“எது?” என்றாள் மாரிக்கனி. “நீங்கதான் பாக்கதில்லையே.”

“காதுல விழுந்துச்சு.”

“சிரிச்சது காதுல விழுந்துச்சாக்கும்?”

அவர் போய் டிவியை அணைத்தார். ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். “பாலக் குடிக்கப்போறது அவ மாமியா, பட்டினி கெடக்குறது நீங்களா?” என்று மாரிக்கனி கேட்டுப் பார்த்தாள். ஒருவரை வாழ்நாளெல்லாம் நல்லவர் என்று நம்பி ஏமாந்தவருடைய வேதனை மற்றவர்களுக்குப் புரியாது. அதிலும் மற்ற எல்லோரையும் கெட்டவர் என்று நம்பி, அந்த ஒருவரை மட்டும் விட்டுவைத்திருந்தால், அது தாங்க முடியாதது.

மறுநாள் காலை டீக்கடையில் ஒரு எழவு வீட்டு அமைதி. பேண்டேஜ் துணி யூனிட் வைத்திருக்கும் கருத்தையாதான் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

“வீட்ல பொம்பளைக என்னமோ பேசிக்கிட்டாளுக. நமக்கு என்னத்தத் தெரியும்? பால்ல என்னமோ கலந்துட்டாளாம்.”

“பொட்டலம் எந்தத் தாள்ல மடிச்சிருந்துச்சாம்? மஞ்சளா, வெள்ளையா?” என்றது ஒரு குரல்.

“வெள்ளை,” என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மூவருமே சீரியல் பார்ப்பதில்லை.

“அம்புட்டு நல்லவளே இப்படின்னா,” என்று கருத்தையா கிளாஸைக் கீழே வைத்தார், “இனி எந்த மருமகளத்தான் நம்பி வீட்டுக்குள்ள விடுறது?”

சும்மா சொன்ன வார்த்தைதான். ஆனால் ஆவுடையப்பன் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். மரகதவல்லி மாதிரி இருக்கிறாள் என்றுதானே அந்தப் பெண்ணுக்குச் சம்மதம் சொன்னோம்? மரகதவல்லியே இப்படி என்றால், மரகதவல்லி மாதிரி இருக்கிறவள்?

வீட்டுக்கு வந்து, பெண் பார்த்த அன்று எடுத்த படத்தை ஃபோனில் திறந்தார். விரலால் பெரிதாக்கினார். மேலும் பெரிதாக்கினார். கடைசியில் திரை முழுக்க ஒரு வாய் மட்டும் நின்றது. மகனைக் கூப்பிட்டார்.

“ஏலே, இதப் பாரு. இடது ஓரம் ஏறியிருக்கா, இல்லையா?”

“சிரிச்சா ஏறத்தானப்பா செய்யும்?”

“ரெண்டு பக்கமும் ஏறணும்லே.”

விக்னேஸ்வரன் அப்பாவைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

“ஞாயித்துக்கெழமையத் தள்ளிவைப்போம்,” என்றார் ஆவுடையப்பன். “விசாரணை பாக்கி இருக்கு.”

“சொந்தக்காரகளுக்கு என்னத்தச் சொல்லுவீக?” என்று கேட்டாள் மாரிக்கனி. “சீரியல்ல ஒருத்தி பால்ல மருந்து கலந்துட்டா, அதனால எம் மகனுக்கு நிச்சயம் இல்லைன்னு சொல்லுவீகளா?”

“நான் எப்படி அப்படிச் சொல்லுவேன்? நாந்தான் சீரியலே பாக்கதில்லையே.”

இதற்கு மேல் அந்த வீட்டில் யாரால் என்ன பேச முடியும்? “காரணமெல்லாம் நேர்ல சொல்லிக்கிடுதேன். நானே போயி ஒரு பார்வ பாத்துட்டு வாரேன்,” என்றார். விக்னேஸ்வரன் சாப்பிடாமல் ஷிஃப்டுக்குப் போனான். அன்று சாயங்காலம் ஏழரைக்கு ஆவுடையப்பன் மறுபடியும் பீரோவுக்கு முன்னால் இருந்தார். எபிசோடு தொடங்கும்போது டம்ளர் அடுக்களையில் இருந்தது. முடியும்போது மாமியாரின் அறை வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தது.

சனிக்கிழமை காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினார். ஆண்டாள் கோயிலுக்கு வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று திட்டம். அது பொய்யாகிவிடக் கூடாதே என்று பஸ் ஜன்னல் வழியாகக் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுக்கொண்டார். சமுத்திரத்தின் வீட்டுக்குள் நுழைந்தபோது அந்த வீடே எழுந்து நின்றது.

“வாங்க சம்பந்தி! ஒரு வார்த்த சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துக்கிட்டு வந்திருப்பேன்ல!” என்றார் சமுத்திரம்.

“வாங்க அண்ணாச்சி,” என்றாள் அவர் மனைவி பெத்தம்மாள். “ஏட்டி சத்யா, மாமா வந்திருக்காக பாரு. பால் கொண்டா.”

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பால்கோவாவுக்குப் பேர்போன அந்த ஊரில் பாலுக்கு இருக்கிற மரியாதை, வேறு ஊரில் கலெக்டருக்குக்கூடக் கிடையாது. அதிலும் சமுத்திரத்தின் வீட்டில் யார் வந்தாலும் பால்தான். காப்பி என்பது பெண் பார்க்கும் அன்றைக்கு மட்டும், ஊர் வழக்கத்துக்காக. சமுத்திரத்தின் பாலில் தண்ணீர் இருக்கிறது என்று இதுவரை ஒரே ஒருவன்தான் சொன்னான். அவனோடு இன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது. அவன் கூடப் பிறந்த தம்பி.

சத்யப்பிரியா டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். பாலை ஆற்றி டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து, “குடிங்க மாமா,” என்று முன்னால் வைத்தாள். நிமிர்ந்து, சிரித்தாள்.

ஆவுடையப்பன் டம்ளரைப் பார்த்தார். பால் ஆவி பறந்தது. “ஆறட்டும்,” என்றார்.

மழையைப் பற்றிப் பேசினார்கள். மில் வேலையைப் பற்றிப் பேசினார்கள். பால் ஆறியது. மாட்டுத் தீவனம் கிடைக்காததைப் பற்றிப் பேசினார்கள். பாலில் ஆடை படிந்தது. பெத்தம்மாள் ஒருதடவை, “பாலு…” என்றாள். “கெடக்கட்டும்,” என்றார் அவர். ஆடை தடித்துச் சுருங்கியது. சமுத்திரத்தின் பேச்சு மெதுவாகத் தேய்ந்து, நின்றது. அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சம்பந்தி,” என்றார் கடைசியில். குரல் மாறியிருந்தது. “எம் பாலு என்ன பாவம் செஞ்சுச்சு?”

“அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

“யாரோ என்னமோ சொல்லியிருக்கான். எவன்னு எனக்குத் தெரியும்.” எழுந்து போய் மாட்டுக்கொட்டகையிலிருந்து, பாலில் தண்ணீர் பார்க்கும் லாக்டோமீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பிடித்திருந்த விதம் கத்தியைப் பிடித்த மாதிரி இருந்தது.

“சீனி போட்டுக் காய்ச்சுன பால்ல அத விட்டா என்னத்தக் காட்டும்?” என்று பெத்தம்மாள் தடுத்தாள்.

“எம் மானத்தக் காட்டும். தள்ளு.”

“சம்பந்தி, உக்காருங்க,” என்று ஆவுடையப்பன் பதறினார். “பால்ல தண்ணி இருக்குன்னு நான் சொல்லவே இல்லையே! தண்ணி இல்ல. தண்ணியப் பத்தி எனக்குச் சந்தேகமே கெடையாது.”

தண்ணீரைப் பற்றிச் சந்தேகம் இல்லை என்றால், வேறு எதைப் பற்றி? வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் வாய்தவறி உளறுவதைப் பிடித்துக்கொண்டே பிழைத்த மனிதர், முதல் தடவையாகத் தன் வாய்தவறியதைத் தானே கேட்டுக்கொண்டார்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த சத்யப்பிரியா நின்றாள். “அப்பா, அந்த மீட்டர உள்ள வைங்க. மாமா மரகதவல்லிய நெனச்சுப் பயப்படுதாக. அவிய காலையில மில்லுலருந்து ஃபோன்ல சொன்னாக. நாந்தான் வெளையாட்டுக்குச் சொல்லுதாகன்னு நெனச்சேன்.”

“மரகதமா?” என்ற பெத்தம்மாளுக்கு முகம் மலர்ந்தது. “அண்ணாச்சி, நீங்களும் பாக்குதீகளா?”

“நான் எங்க பாக்கேன். வீட்ல ஓடும், காதுல விழும்.” பிறகு அடக்க முடியவில்லை. “ஆனாலும் அவ அப்படிச் செய்யலாமா? அம்புட்டு நல்லவ!”

“செஞ்சதுல என்ன தப்புங்கேன்?” பெத்தம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “அந்தக் கெழவி காஸத் தொறந்துவிட்டப்ப ஒருத்தரு வாயத் தொறந்தீகளா? அவ ஜெயில்ல கெடந்தப்ப இட்லிய முழுங்கிட்டுத்தான பாத்தீக? இப்பத்தான் அவளுக்குப் புத்தி வந்திருக்கு. நேத்து நான் நெத்தி நெறைய குங்குமம் வச்சுக்கிட்டுல்ல பாத்தேன்!”

“கொலைக் கேசு, தங்கச்சி!”

“கேசு வந்தா வரட்டும். ஜெயிலு அவளுக்குப் பழகுன எடந்தான?”

ஆவுடையப்பன் இப்போது முழு உடுப்பில் இருந்தார், மனசுக்குள். “அது வேற, இது வேற. எங்கிட்ட ஆதாரம் இருக்கு.” ஃபோனை எடுத்து அந்த வாயைக் காட்டினார். “அவ பொட்டலத்தக் கொட்டிட்டுச் சிரிக்கையில இடது ஓரம் ஏறுச்சு. இங்கயும் இடது ஓரம்.”

பெத்தம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “இடதா? மரகதத்துக்கு வலது ஓரமுல்ல ஏறுச்சு?”

“இடது.”

“ஒரு நாள் விடாமப் பாக்குதவ நானு. வலது பக்கம். மூக்குத்தி கெடக்குற பக்கம்.”

“மூக்குத்தியும் இடது பக்கந்தான் கெடக்கு.”

“எந்த ஊருல? நீங்க எங்கிட்டு இருந்து பாத்தீக அண்ணாச்சி?”

நேர்மையான கேள்வி. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய நெருக்கடி.

“பீரோவுல.”

கொட்டகையில் ஒரு மாடு தலையை ஆட்டி மணியைக் குலுக்கியது. சத்யப்பிரியா சிரித்துவிட்டாள். இரண்டு ஓரமும் ஏறியது. உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டு, அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“மாமா, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீக. நான் அந்த நாடகம் பாத்ததில்ல, எனக்கு நேரமில்ல. அவ அம்புட்டு நாளா அழுதப்ப ஒங்களுக்கு நல்லவ. இன்னும் எம்புட்டு நாளைக்கு அவ அழுதிருக்கணும்?”

“அதுக்கு நான் என்ன செய்ய முடியும் தாயி? அது கதை.”

“அழுதது கதை. பால்ல கலந்தது?”

ஆவுடையப்பன் மீசையைத் தடவினார். குறுக்கு விசாரணையில் எந்த இடத்தில் பள்ளம் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே போய் நின்றார்.

“அதுவும் கதைதான்.”

“அப்ப பாலக் குடிங்க.”

“சத்யா!” என்றார் சமுத்திரம்.

“இருங்கப்பா. குடிக்காட்டா நாளைக்கு வேன் வர வேண்டாம் மாமா. ஒரு டம்ளரு பாலையே நம்ப முடியாத வீட்ல நான் மூணு நேரமும் சோறு பொங்கிப் போட்டு என்னாகப்போகுது? அவியகிட்ட நானே சொல்லிக்கிடுதேன்.” ‘அவிய’ என்று சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் தணிந்தது. சாப்பிடாமல் ஷிஃப்டுக்குப் போன தன் மகனின் முதுகு ஆவுடையப்பனுக்கு ஞாபகம் வந்தது.

டம்ளரை எடுத்தார். துப்பாக்கி முனையில் நிற்பவருடைய நிதானத்தோடு அண்ணாந்தார். பால் இறங்கியது. கடைசியில், அதுவரை மேலே மிதந்துகொண்டிருந்த ஆடை ஒரே துண்டாகப் புறப்பட்டு வந்து அவர் மீசையின்மேல் படுத்துக்கொண்டது. அதையும் வழித்து வாயில் போட்டுக்கொண்டார். டம்ளரைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு, சற்று நேரம் தன் வயிற்றுக்குள் எதையோ உற்றுக் கேட்பவர் போல உட்கார்ந்திருந்தார். சமுத்திரம் அவர் முகத்தைப் பார்த்தார். பெத்தம்மாள் டம்ளரைப் பார்த்தாள்.

“சீனி கம்மி,” என்றார் ஆவுடையப்பன்.

“ஒங்களுக்குச் சுகரு இருக்குன்னு அவிய சொன்னாக.”

அவர் நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தார். மரகதவல்லி மாதிரி எதுவுமே இல்லை. நெற்றி வேறு, மூக்கு வேறு. அழுகிற முகமே இல்லை. டியூட்டிக்கு நேரமாகிறதே என்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படி இந்தப் பிள்ளையைப் போய் அவளோடு சேர்த்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

“வேன் வரும் தாயி,” என்றார். “காலையிலயே வாரோம். நீ போயிட்டு வா, பஸ் போயிரப் போகுது.”

“பாலு எப்படி இருந்துச்சுன்னு சொல்லவே இல்லையே சம்பந்தி?” என்றார் சமுத்திரம். லாக்டோமீட்டர் இன்னும் கையில்தான் இருந்தது.

“திக்குன்னா அம்புட்டுத் திக்கு.”

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடந்தது. தாம்பூலத் தட்டு மாற்றினார்கள். விக்னேஸ்வரன் இரண்டு இலைச் சாப்பாடு சாப்பிட்டான். பந்தியெல்லாம் முடிந்தபின் ஆவுடையப்பனும் பெத்தம்மாளும் மூலையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, வெகுநேரம் ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இருவர் முகத்திலும் பெரிய கவலை. சீர்வரிசை பேசுகிறார்கள் என்று நினைத்துச் சொந்தக்காரர்கள் மரியாதையாக ஒதுங்கிப் போனார்கள்.

ஆக, நல்ல பெண் ஒருத்தியின் கல்யாணம் நின்றுபோகாமல் தப்பியது. ஒரு பால்காரரின் மானம் காப்பாற்றப்பட்டது. மகன் வயிறாரச் சாப்பிட்டான். இதற்கு மேல் ஒரு கதையில் என்ன வேண்டும்? நீங்கள் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம்.

புரட்டவில்லையே?

சனிக்கிழமை எபிசோடில் அந்த ராஜமாதங்கி பாலைக் குடித்தாளா, இல்லையா என்று இவன் கடைசிவரை சொல்லவே இல்லையே என்றுதானே விரலை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? புரிகிறது. உங்களைக் காட்டிக்கொடுப்பது என் நோக்கமல்ல. ஒரு யோசனை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஏழரைக்கு யாராவது உங்களைத் தேடி வந்தால், பூஜையில் இருப்பதாக வீட்டில் சொல்லச் சொல்லுங்கள். கூடவே மணியையும் கொஞ்சம் ஆட்டச் சொல்லுங்கள். டிவி சத்தம் வாசல்வரை கேட்கிறது.